இரண்டு நாளில் பார்க்க வடிவான இடங்கள்

வெள்ளி பின்னேரம் நூற்றுப்பதினாறு படங்கள் வந்து இறங்கும்.
ஹென்ரிக் அனுப்புவான். வார இறுதிப் பயணக் கையேட்டுக்கு.
ஸ்ரான்லி வீதியில், பல் வைத்தியரின் மேல்மாடியில்
நானும் ஜெனிற்றாவும் ஊர்களைப் பங்கு பிரிப்போம்:
அவளுக்குக் கொப்பன்ஹேகன், எனக்குப் பேர்கன்.
ஸ்ரொக்ஹோம் இருவருக்கும் வேண்டாம்.
சன்னல்கள் கூட, ஒவ்வொரு கண்ணாடியிலும்
படம் எடுத்தவனே நிற்பான்.

குப்பைத்தொட்டி அழி. பாரந்தூக்கி அழி.
சிவப்புக் குடை இருக்கட்டும்,
பிடித்திருப்பவளின் பிளாஸ்ரிக் பையை எடு.
சரிந்த கடலை நிமிர்த்து.
ஆக்களைக் குறை, ஆனால் முழுக்க வேண்டாம்.
முழுக்க எடுத்தால் செத்த வீட்டுத் தெரு மாதிரி இருக்குமாம்.
தூரத்தில் ஒரு சோடி, ஒரு சைக்கிள், போதும்.

படம் ஒன்றுக்கு எண்பது ரூபா.
இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

பேர்கனில் எப்போதும் மழை.
கையேட்டில் மழை பெய்யக் கூடாது.
விற்பனைக்கு வரும் வானங்கள் விலை கூட என்று
ஜெனிற்றா ஒருநாள் குருநகர் இறங்குதுறையில் நின்று
அண்ணாந்து இருபத்துமூன்று வானம் எடுத்தாள்.
மீன் மணக்காத பகுதி மட்டும், என்றாள்.
இப்போது அந்தத் துறைமுகத்து மரவீடுகள்,
மஞ்சளும் செங்காவியுமாய் ஒன்றிலொன்று சாய்ந்து நிற்பவை,
அவற்றின் கூரைக்கு மேலே எங்கள் தை மாதத்து நீலம்.
ஒருதரம் மூலையில் ஒரு காகம் தப்பிப் போய்விட்டது.
அருமையான கடற்பறவை, என்று எழுதினான் ஹென்ரிக்.

போன கிழமை, எழுபத்தோராவது படம்.
ஈரக் கல் பாவிய ஒழுங்கை,
இரு சுவர்களுக்கு நடுவே ஒரு கோடு வெளிச்சம்.
உண்மையில் வடிவு. என் கை படத் தேவையில்லாத வடிவு.
ஆனால் ஒரு பின்கதவில், வாளியைக் கவிழ்த்துப்போட்டிருந்து
ஒரு மனிசன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.
குறிப்பு: ஆள், வாளி, தோல் குவியல், மூன்றையும் எடு.

பெருப்பித்துப் பார்த்தேன்.
வலக் கையில் நூல். நனைந்து வெளிறி,
முடிச்சில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.
எந்தக் கோயில் நூல் என்று புள்ளிகளில் தெரியாது.
"எங்கடை ஆளோ?"
"இருக்கும். இல்லாட்டி நேபாளமாயிருக்கும்."

எனக்குத் தெரிந்த முகமில்லை.
அழுகை வரவில்லை, பொய் சொல்லக் கூடாது.
வந்தது வேறொரு கூச்சம்:
அவர் முதுகுக்குப் பின்னால் என்ன,
கதவின் கீழ்ப்பாதி என்ன நிறம்,
இனி நான்தானே தீர்மானிக்க வேண்டும்.

ஆளை விட்டு வாளியை மட்டும் எடுத்து அனுப்பினேன்.
அந்தரத்தில் இருந்தபடி கிழங்கு சீவினார்.
பத்து நிமிடத்தில் பதில்: ஒன்றைத் தவறவிட்டாய்.

பக்கத்துக் கற்களை அள்ளி
அவர் இருந்த இடத்தில் பாவினேன்.
முழங்கால், ஏப்ரன், கடைசியாய் நூல்.
கல்லோடு கல் பொருந்திப்போனது.
அது என் கெட்டித்தனம்.

ஞாயிறு, பண்ணைப் பாலத்தில்
கச்சான் வாங்கிக்கொண்டு காற்றுக்கு நின்றேன்.
களங்கண்டித் தடிகள், அவற்றுக்குப் பின்னால் பொழுது.
ஓட்டோவை மறித்து இறங்கியது ஒரு வெள்ளைக்காரச் சோடி,
தோள் சிவந்து, மூக்கு உரிந்து.
அவள் கையால் காட்டினாள், மரியாதையாய், சிரித்தபடி:
கொஞ்சம் அந்தப்பக்கம்.

தள்ளினேன். இரண்டடி. பிறகு இன்னும் ஓரடி,
கச்சான் சுருளையும் கூட்டிக்கொண்டு.
நிழல் நீளமான நேரம். அது கேட்கவில்லை.
அவன் எடுத்தான், பார்த்தான், எனக்கும் நீட்டினான்.
கீழ் மூலையில் என் தலை,
கச்சான் சுருள் ஒற்றைக் கொம்பாய் முளைத்திருந்தது.

கடல் இடப்பக்கம் ஒன்றரைப் பாகை சரிந்திருந்தது.
அதை மட்டும் சொன்னேன்.